விரயம்

புட்டிக்குள் பத்துப் பேருக்கான மருந்து.
கரையில் ஒரே ஒரு குழந்தை.

மற்றவர்கள் எங்கே என்றேன்.
மீன் முகாமுக்குப் போய்விட்டார்கள் என்றாள் போலும்பு.
செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னாய்.
இன்று வெள்ளி.

செவ்வாய்க்கிழமை நான்
பெட்ரோலுக்குக் கையெழுத்துப் போடுகிறவரின்
வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.
புதன்கிழமை கையெழுத்து கிடைத்தது,
பெட்ரோல் இல்லை.
அப்புறம் துடுப்புதான்.
இரண்டு நாள் லொமேலா ஆற்றில்
மடியில் நீலப் பெட்டி;
வெயில் நகர நகர அதற்கு மட்டும்
நிழலை நகர்த்திக்கொண்டே வந்தேன்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
அவள் காட்டுக்குள்ளிருந்து நடந்து வந்தவள்.
எத்தனை நாள் என்று கேட்கவும் இல்லை;
கால்களைப் பார்த்தேன், போதும்.

தூளில் நீர் கலந்துவிட்டால்
ஆறு மணி நேரம்.
அதற்கு மேல் அது மருந்தில்லை.
மாதக் கடைசியில் ஒரு படிவம் வரும்.
அதில் ஒரு கட்டம்: விரயம்.
போன மாதம் அங்கே நான் எழுதிய எண்ணைச்
சிவப்பு மையில் வட்டமிட்டு அனுப்பியிருந்தார்கள்.
ஒரு பிள்ளைக்காகப் புட்டியைத் திறக்காதே,
திரும்பி வரச் சொல்.

எங்கேயிருந்து, எந்தக் காலோடு?

போன மழையில் இபோக்கோவில்
புதிதாய் எழுந்த சிறு மேடுகளை எண்ணினேன்.
பதினொன்று. தட்டம்மை.
அதற்கும் ஒரு படிவம் இருந்தது.
அந்த எண்ணை யாரும் வட்டமிடவில்லை.

புட்டியைத் தூக்கி, லேபிளில் உள்ள
சின்னச் சதுரத்தைப் பார்த்தேன்.
வெளுப்பாகத்தான் இருந்தது இன்னும்.
அது கறுத்துப்போயிருந்தால்
முடிவு என்னுடையதாக இருந்திருக்காது.
கறுத்திருக்கக் கூடாதா என்றுகூட
ஒரு நொடி தோன்றியது.

உடைத்தேன்.
காலை பத்து மணி பத்து நிமிடம்.

எகோஃபோ அழவில்லை.
ஊசி இறங்கும்போதும்
என் தொப்பியைத்தான் வெறித்துக்கொண்டிருந்தான்.

மீதி ஒன்பதோடு மேலாற்றில் வலித்தேன்.

முகாமில் லொக்வா என்கிறவன்
வலையை உதறிக்கொண்டே கேட்டான்:
பெட்டிக்குள் என்ன?
மருந்து.
மருந்துக்குக் கீழே?
ஐஸ்.
வலை கையிலிருந்து நழுவியது.
அவனிடம் ஒரு படகு நிறைய மீன்,
தலைக்கு மேல் மத்தியானம்.
ஐஸைக் கொடு, பிள்ளைகளைக் கூப்பிடுகிறேன்.
நாலு பத்துக்குத் தருகிறேன் என்றேன்.
நாலு பத்துக்கு அது தண்ணீர் என்றான்.
ஆமாம் என்றேன்.

இருவரும் பெட்டியையே பார்த்தபடி
கொஞ்ச நேரம் நின்றோம்.
பிறகு அவன், என்னைத் திட்டிக்கொண்டேதான்,
இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான்.

புகைக்குள்ளிருந்து வந்தார்கள்.
செதில் ஒட்டிய கைகள், மூக்குச்சளி,
ஒருத்தன் அம்மணமாய், கையில் செத்த தவளை.
ஆறு பேர்.
ஒருத்தி மட்டும் மகளை முதுகோடு இறுக்கிக் கட்டி
மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.
போன தடவை ஊசிக்கப்புறம் காய்ச்சல் கண்டதாம்.
கண்டிருக்கும்.
காணும் என்று அன்று அவளிடம்
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
நான்தான் அன்றும் வந்திருந்தேன்.

சொன்னேன், மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து,
மூன்று மணிவரை, பிறகு நாலு மணிவரை.
முதுகில் இருந்த குழந்தை
இரண்டு முறை எட்டிப் பார்த்தது.

நாலு பத்து.
பெட்டியைத் திறந்து பையை நீட்டினேன்.
தண்ணீரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு.
லொக்வா அதை எடுத்துப் பெரிய கெளுத்தியின்
கண்மேல் வைத்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
நானும் சிரித்தேன். மீன் நாறத் தொடங்கியிருந்தது.

படகில் உட்கார்ந்து படிவத்தை விரித்தேன்.
விரயம்: மூன்று.
அதில் ஒன்று
இன்னும் மரத்துக்குப் பின்னால் நின்றது.

புறப்படும்போது அவன் எறிந்த மீன் இரண்டு.
ஊர் போய்ச் சேரும்வரை தாங்காது.
இருட்டுமுன் கரை ஒதுங்கிச் சுட்டுத் தின்றேன்,
காலிப் பெட்டிமேல் உட்கார்ந்து.